மார்மன் தலைவர்களும் எல்லைப்புற ஊர்ப்படையும்: மிசூரி முதல் யூட்டா வரை

நாட்குறிப்பு வாசகன்:

வணக்கம். சில மாதங்களாக 1830, 40களில் அமெரிக்க எல்லைப்புறத்தில் வாழ்ந்த மார்மன்களின் (ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவச் சபையினர்) நாட்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘ஜோசப் ஸ்மித் என்ற மதத்தலைவர் தனக்கென்று படை சேர்த்தார், அதனால் அரசோடு மோதல் வந்தது’ என்றுதான் நம்மில் பலர் இதைக் கேட்டிருப்போம். அதில் வரும் ‘படை’ என்ற சொல்லே நம்மைத் தப்பான இடத்துக்கு இழுத்துப்போகிறது என்று நினைக்கிறேன்.

அங்கே படை என்றால் மிலிஷியா, அதாவது ஊர்ப்படை. அன்றைக்கு அது என்ன? 1792ல் வந்த மத்தியச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரை உள்ள, உடல் திடமான ஒவ்வொரு வெள்ளையினக் குடிமகனும் ஊர்ப்படையில் பெயர் பதிய வேண்டும். துப்பாக்கியை அவனே வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, உபரியாக இரண்டு தீக்கல், ஒரு முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டா கொள்ளும் பெட்டி. வருடத்தில் சில நாள் ஊர் மைதானத்தில் கூடி அணிவகுப்பார்கள். துப்பாக்கி இல்லாதவன் சோளத்தட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. கேப்டன், கர்னல் பதவிகள் பல இடங்களில் ஓட்டுப் போட்டு நிரப்பப்பட்டவை.

அதாவது கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம்போன்ற பகுதி) ஆண்கள்தான் கவுண்டியின் மிலிஷியா. கடைக்காரர், நீதிபதி, ஷெரிஃப், பக்கத்து நிலத்துக்காரர் எல்லாம் அதே முகங்கள். அந்த முகங்களுக்கு உங்களைப் பிடிக்காமல் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்? காப்பாற்ற வேண்டியவர்களே அடிக்கவும் வருவார்கள்.

1833ல் மிசூரியின் ஜாக்சன் கவுண்டியில் நடந்தது இதுதான். இன்டிபென்டன்ஸ் ஊரைத் தங்கள் சீயோன் (கடவுள் குறித்த புனித நகரம்) என்று நம்பி மார்மன்கள் 1831லிருந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். நிலம், ஓட்டு, அடிமைமுறை, பக்கத்திலிருந்த பழங்குடிகள் என்று பல விஷயங்களில் பழைய குடியேறிகளுக்கு இவர்கள்மேல் பயம். ஜூலை 20 அன்று கும்பல் வந்து அச்சகத்தை இடித்தது. பிஷப் எட்வர்டு பார்ட்ரிட்ஜை நடுச்சதுக்கத்தில் நிறுத்தித் தார் பூசி இறகு ஒட்டினார்கள். நவம்பரில் கர்னல் பிட்சர் தலைமையில் மிலிஷியா வந்தது. இரண்டு தரப்பும் ஆயுதத்தை ஒப்படைக்கலாம் என்ற பேச்சை நம்பி மார்மன்கள் கொடுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் மிசூரி ஆற்றைக் கடந்து கிளே கவுண்டிக்குப் போனார்கள்.

அடுத்த வருடம் ஓஹையோவின் கர்ட்லாந்திலிருந்து ஜோசப் ஸ்மித் சுமார் 200 பேரைக் கூட்டிக்கொண்டு ஏறத்தாழ 900 மைல் நடந்தார். ‘சீயோன் முகாம்’ என்பார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு, குழுவே தேர்ந்தெடுக்கும் ஒரு கேப்டன். சமையலுக்கு இருவர், தீ மூட்ட இருவர், கூடாரத்துக்கு இருவர், தண்ணீருக்கு இருவர் என்று வேலை பிரித்தார்கள். சண்டை நடக்கவில்லை. கவர்னர் டங்க்லின் துணைக்கு மிலிஷியா அனுப்பவில்லை. காலரா வந்து ஒரு டஜனுக்கும் மேல் செத்துப்போனார்கள். இழந்த நிலத்தில் ஒரு பிடி மண்கூடத் திரும்பவில்லை.

அரசின் ஊர்ப்படையே துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியபின், இந்த மனிதர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? படை வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மிசூரிதான் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கூர்முனை:

நல்ல தொடக்கம், ஆனால் 1834ல் நிறுத்திவிட்டீர்கள். 1838க்கு வாருங்கள்.

அதற்குள் மார்மன்களுக்கென்றே கால்ட்வெல் கவுண்டி பிரித்துக் கொடுக்கப்பட்டு, ஃபார் வெஸ்ட் என்ற ஊர் வளர்ந்துவிட்டது. அந்த வருடம் ஜூலை 4ஆம் தேதி மார்மன் தலைவர்களில் ஒருவரான சிட்னி ரிக்டன் மேடையேறி, இனி எங்கள்மேல் கை வைக்கும் கும்பலோடு ஒழித்துக்கட்டும் போர்தான் என்று பேசினார். ‘ஒழித்துக்கட்டுவது’ என்ற சொல் முதலில் வந்தது கவர்னரிடமிருந்து இல்லை, மார்மன் மேடையிலிருந்து. டானைட் என்ற ரகசியக் குழு சாம்ப்சன் அவார்டு தலைமையில் இயங்கியது. சபைக்குள் மாற்றுக் கருத்து சொன்னவர்களை மிரட்டி ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அக்டோபரில் மார்மன் ஆட்கள் டேவிஸ் கவுண்டிக்குள் போய் கேலட்டின் ஊரைக் கொள்ளையிட்டுத் தீ வைத்தார்கள். அக்டோபர் 25 அன்று குரூக்டு ஆற்றங்கரையில் தாக்கியது கேப்டன் போகார்ட்டின் குழுவை. அது அரசின் மிலிஷியா.

நான் மிசூரிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் துப்பாக்கி கையில் வந்தபின் மார்மன் தலைவர்கள் அதைத் தற்காப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆற்றோரத்துக்காரி:

இருவரும் சொன்னது சரி. நான் மிசூரி ஆற்றுக்குப் பக்கத்தில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் இதில் எனக்குத் தனி ஈடுபாடு. 1838 அக்டோபர் கடைசி வாரத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

27ஆம் தேதி கவர்னர் லில்பர்ன் பாக்ஸ் அந்த ஆணையைப் போட்டார். மார்மன்களை எதிரிகளாக நடத்த வேண்டும், ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று அதில் இருந்தது. (1833ல் ஜாக்சன் கவுண்டியில் குடியிருந்த துணை கவர்னர் இதே பாக்ஸ்தான்.) மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற சின்னக் குடியிருப்புக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் குதிரையில் வந்தார்கள். அந்த ஆணை இவர்கள் கைக்கு வந்திருந்ததா என்பதே சந்தேகம். ஆண்கள் கொல்லன் பட்டறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டறை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் துப்பாக்கியை நுழைத்துச் சுட்டார்கள். 17 பேர் செத்தார்கள். உலைத்துருத்திக்கு அடியில் பதுங்கியிருந்த சார்டியஸ் ஸ்மித்துக்கு 10 வயது. புதைக்க ஆளும் நேரமும் இல்லாமல், பாதி வெட்டிய கிணற்றுக்குள் உடல்களை இறக்கினார்கள்.

அதற்கு அடுத்த நாள் ஃபார் வெஸ்டில் ஜோசப் ஸ்மித் பிடிபட்டார். மிசூரி மிலிஷியாவின் ஜெனரல் லூக்கஸ் ராணுவ விசாரணை என்று ஒன்றை நடத்தி, மறுநாள் காலை 9 மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் ஸ்மித்தையும் மற்றவர்களையும் சுட்டுக் கொல்லும்படி பிரிகேடியர் ஜெனரல் அலெக்சாண்டர் டோனிஃபனுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தார். டோனிஃபன் தொழிலால் வக்கீல். மார்மன்களுக்காக வழக்காடியவர், கால்ட்வெல் கவுண்டி மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தவர். அவர் எழுதிய பதில் இதுதான்: ‘இது ஈவிரக்கமற்ற கொலை. உங்கள் உத்தரவுக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன். என் படை நாளைக் காலை 8 மணிக்கு லிபர்ட்டிக்குக் கிளம்பும். இந்த மனிதர்களை நீங்கள் கொன்றால் நீதிமன்றத்தில் உங்களைப் பொறுப்பாக்குவேன், கடவுள்மேல் ஆணை.’

எட்டு மணி என்று அவர் குறித்ததைப் பாருங்கள். உத்தரவு ஒன்பது மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் தன் ஆட்கள் யாரும் அந்தச் சதுக்கத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கைதிகள் சுடப்படவில்லை.

ஸ்மித்தைப் பிறகு அடைத்துவைத்த லிபர்ட்டி ஊர்ச் சிறையை மறுபடி கட்டிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நாலடி கனச் சுவர். கீழ் அறை சுமார் 14 அடிச் சதுரம், கூரை ஆறடிக்குச் சற்று மேல். ஜோசப் ஸ்மித் ஆறடி உயரக்காரர். 1838 டிசம்பரிலிருந்து 1839 ஏப்ரல் வரை அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருந்தார்.

நாட்குறிப்பு வாசகன்:

அக்கா, அந்த எட்டு மணி விஷயத்தை நான் கவனித்ததே இல்லை. நன்றி.

கூர்முனை, கேலட்டின் எரிப்பை ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டது என் தப்பு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கால்ட்வெல் கவுண்டியில் கர்னல் ஹிங்கிள் தலைமையில் இருந்ததும் மாநில மிலிஷியாதான். குரூக்டு ஆற்றுக்கு ஆள் அனுப்பியது கவுண்டி நீதிபதி இலையஸ் ஹிக்பீயின் அனுமதியோடுதான். போகார்ட் கையிலும் அரசு கொடுத்த அதிகாரம், மார்மன் தரப்புக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேட்டன் கையிலும் அரசு கொடுத்த அதிகாரம். பேட்டன் அங்கே குண்டடிபட்டுச் செத்தார். இரண்டு பக்கமும் ‘எதிரே நிற்பது கும்பல், நாம்தான் மிலிஷியா’ என்று மனதார நம்பியிருக்கிறார்கள்.

சட்டப் பிரியன்:

அப்படியென்றால் நாவூவுக்கு வந்தாக வேண்டும். மிசூரியில் அவர்கள் கற்ற பாடம் அங்கேதான் எழுத்தில் வருகிறது.

மிசூரியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு வளையும் இடத்தில் ஊர் கட்டினார்கள். 1840 டிசம்பரில் மாநிலச் சட்டசபை நாவூவுக்கு ஒரு சாசனம் கொடுத்தது. நகராட்சி, பல்கலைக்கழகம், ‘நாவூ லீஜியன்’ என்ற படை மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஓட்டுக்காக இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஆதரித்தன. சாசனத்தை வாங்கித் தந்ததில் பெரும் பங்கு ஜான் சி. பென்னெட்டுக்கு. மாநில மிலிஷியாவின் தளவாடத் தலைவராக இருந்தவர் அவர்.

சாதாரண ஊர்ப்படைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கவுண்டி மிலிஷியா மாநிலப் படை அடுக்கில் ஒரு படி. லீஜியனோ அந்த அடுக்குக்கு வெளியே தனியாக நின்றது, கவர்னருக்கு மட்டும் பதில் சொல்லும். தனக்கான விதிகளைத் தன் அதிகாரிகள் மன்றத்திலேயே இயற்றிக்கொள்ளலாம். நகர மேயர் தேவைப்படும்போது அதைக் கூப்பிடலாம். 1842ல் பென்னெட் விலகியதும் ஜோசப் ஸ்மித்தே மேயர். நகர நீதிமன்றத்துக்கும் அவரே தலைமை. லீஜியனில் அவர் லெப்டினன்ட் ஜெனரல். அமெரிக்காவில் அவருக்கு முன் அந்தப் பதவியை வகித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் தீர்க்கதரிசி. ஒரே மனிதர் இத்தனை நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் தப்புச் செய்யும்போது யார் தடுப்பது? எனக்கு அவர்மேல் வெறுப்பு கிடையாது. எத்தனை நல்லவரிடம் கொடுத்தாலும் இந்த அமைப்பு ஆபத்தானது என்கிறேன்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். லீஜியனில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் நிரந்தர ராணுவமே மொத்தம் சுமார் 8,500 பேர். பக்கத்து ஊர்களான வார்சா, கார்த்தேஜில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

புதுவரவு:

நல்ல இழை. எனக்கு இதெல்லாம் புதிது. ஒரு எளிய கேள்வி: அந்த லீஜியனில் இருந்த சாதாரண ஆளுக்குச் சம்பளம் உண்டா? தினமும் அவர் என்ன செய்தார்?

சட்டப் பிரியன்:

சம்பளம் கிடையாது. அவர் விவசாயி, தச்சர், செங்கல் அறுப்பவர். அணிவகுப்பு நாளில் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும், வராவிட்டால் அபராதம். அதோடு பத்து நாளில் ஒரு நாள் கோயில் கட்டுமானத்துக்கும் உழைப்பு தர வேண்டும். ஆனால் அந்த அணிவகுப்புகள் ஊருக்கே திருவிழா. 1841 ஏப்ரல் 6 அன்று கோயிலுக்கு மூலைக்கல் நாட்டியபோது லீஜியனின் 14 கம்பெனிகளும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த 2 தன்னார்வக் கம்பெனிகளும் நின்றன. பீரங்கி முழங்கியது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து பட்டுத்துணியில் ஒரு கொடியைக் கொடுத்தார்கள். ஏழெட்டு வருடம் துரத்தப்பட்டே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும்! அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆற்றோரத்துக்காரி:

அந்தப் படையின் முடிவையும் சொல்லுங்கள் தம்பி. 1844 ஜூன்.

நகர்மன்றத்தின் முடிவுப்படி எதிர்ப்புப் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தை நாவூவில் உடைத்தார்கள். 1833ல் தங்கள் அச்சகம் உடைபட்டதற்கு அழுதவர்கள் செய்த காரியம் இது. எனக்கு இது இன்றும் வலிக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கொந்தளித்தது. ஜூன் 18 அன்று ஸ்மித் முழுச் சீருடையில் லீஜியன் முன்னால் வாளை உருவிப் பேசினார். ஆனால் ஆறு நாளில் கார்த்தேஜுக்குச் சரணடையக் கிளம்பிவிட்டார். வழியில் கேப்டன் டன் எதிர்ப்பட்டார். லீஜியனிடம் இருக்கும் மாநிலத்தின் ஆயுதங்களைத் திருப்பி வாங்கி வரும்படி கவர்னர் ஃபோர்டு அவரை அனுப்பியிருந்தார். மூன்று பீரங்கி, சுமார் 250 துப்பாக்கி. டன் கேட்டுக்கொண்டதால் ஸ்மித்தும் ஊருக்குத் திரும்பி வந்து, எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார். 1833ல் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு நின்ற அதே ஜனங்கள் மறுபடி கொண்டுவந்து அடுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மறுபடி கார்த்தேஜுக்குப் போனார்.

27ஆம் தேதி கவர்னர் வார்சா மிலிஷியாவைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர்களில் ஒரு பகுதி முகத்தில் கரி பூசிக்கொண்டு மாலை 5 மணிவாக்கில் கார்த்தேஜ் சிறைக்கு வந்தது. காவலுக்கு நின்றது கார்த்தேஜ் கிரேஸ் என்ற இன்னொரு மிலிஷியா. ஜோசப்பும் அண்ணன் ஹைரமும் செத்தார்கள். அந்த அறையின் கதவு இன்னும் இருக்கிறது. கதவைத் துளைத்த குண்டின் ஓட்டையும் இருக்கிறது, சுண்டுவிரலை நுழைக்கலாம் போல. அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஆயிரக்கணக்கான பேர் கொண்ட லீஜியன் பதினைந்து இருபது மைல் தூரத்தில் இருந்தது. கார்த்தேஜ்மேல் அது பாயவில்லை. உடன் இருந்து தப்பிய வில்லர்டு ரிச்சர்ட்ஸ், யாரும் வீட்டைவிட்டு வராதீர்கள் என்று எழுதி அனுப்பினார். கேட்டார்கள்.

செம்மண் பாதை:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது என் பங்குக்கு மார்மன் பட்டாளம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் டோனிஃபன் மறுபடி வருகிறார்.

1846 பிப்ரவரியில் நாவூவைக் காலிசெய்துகொண்டு மார்மன்கள் மேற்கே கிளம்பினார்கள். அயோவாவின் சேற்றில் மாட்டுவண்டிகள் புதைந்துகொண்டிருந்த நேரத்தில் மெக்சிகோவோடு போர் மூண்டது. ஜூன் கடைசியில் கேப்டன் ஜேம்ஸ் ஆலன் முகாமுக்கு வந்து, ராணுவத்துக்கு 500 பேர் வேண்டும் என்றார். பலர் நம்பவே இல்லை. நம்மைக் கைவிட்ட அரசுக்கு நாம் எதற்குப் போக வேண்டும் என்ற கோபம். உண்மையில் மார்மன்களின் தூதராக ஜெஸ்ஸி லிட்டில் வாஷிங்டனில் ஜனாதிபதி போக்கிடம் கேட்டுப் பெற்ற உதவிதான் அது. முகாமில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் முகாம் முகாமாகப் போய் ஆள் சேர்த்தார். ஜூலை 16 அன்று ஏறக்குறைய 500 பேர் பதிந்தார்கள். கூடவே முப்பதுக்கும் மேல் பெண்கள், சில குழந்தைகள்.

யங் கணக்குத் தெரிந்தவர். ஆளுக்கு வருடத்துக்கு 42 டாலர் சீருடைப் படி. ஆண்கள் அந்தக் காசை வாங்கி, பெரும் பகுதியைப் பின்னால் இருந்த குடும்பங்களுக்கும் சபைக்கும் அனுப்பிவிட்டு, போட்டிருந்த துணியோடு நடந்தார்கள். மாதச் சம்பளம் 7 டாலர். ஆலன் ஆகஸ்டிலேயே இறந்துபோனார். பட்டாள மருத்துவர் சாண்டர்சன் எந்த நோய்க்கும் பாதரச மருந்தைத்தான் கொடுத்தார், எல்லார் வாயிலும் ஒரே துருப்பிடித்த இரும்புக் கரண்டியால். ‘கரண்டிக்கு வா’ என்ற அழைப்புக்குப் பயந்து, காய்ச்சலோடு நடந்தாலும் நடப்போம் என்று நோயை மறைத்தவர்கள் பலர்.

அக்டோபரில் முதல் பிரிவு சாண்டா ஃபே வந்து சேர்ந்தபோது அந்த ஊருக்கு அதிகாரியாக இருந்தவர் கர்னல் அலெக்சாண்டர் டோனிஃபன். வீட்டுக்கூரைகளில் தன் ஆட்களை நிறுத்தி, மார்மன்களுக்கு 100 குண்டு மரியாதை முழங்க வைத்தார். எட்டு வருடத்துக்கு முன் இவர்களுடைய தலைவரைச் சுட மாட்டேன் என்று எழுதிய அதே கை.

அங்கிருந்து பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் தலைமை ஏற்றார். கறாரான ராணுவக்காரர். கிழவர்கள், நோயாளிகள், பெரும்பாலான பெண்கள் எல்லாரையும் பியூப்ளோவுக்கு அனுப்பிவிட்டு மீதியைப் பாலைவனத்துக்குள் நடத்தினார். மெலிந்த கோவேறு கழுதைகள், அரை ரேஷன், கிணறு வெட்டினால்தான் தண்ணீர். இவர்கள் நடத்திய ஒரே சண்டை டிசம்பர் 11 அன்று சான் பெட்ரோ ஆற்றங்கரையில், காட்டு மாடுகளோடு. கலிபோர்னியாவில் ஒரு மலையிடுக்கில் வண்டி போகவில்லை. கருவிகளில் பலவற்றைக் கொலராடோ ஆறு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த கோடரி, கடப்பாரையால் பாறையைச் செதுக்கி வழி அகலப்படுத்தினார்கள். 1847 ஜனவரி 29ல் சான் டியேகோ. சுமார் 2,000 மைல். இதற்கு இணையான காலாட்படை நடையை வரலாற்றில் தேடினாலும் கிடைக்காது என்று குக் மறுநாள் தன் ஆணையிலேயே எழுதினார்.

அந்த ஆட்களில் சிலர் விடுதலையானபின் சட்டர் என்பவரின் மரமில்லில் கூலிக்குப் போனார்கள். 1848 ஜனவரி 24ல் அங்கே தங்கம் கிடைத்த தேதியை நமக்குச் சொல்வது அவர்களில் ஒருவரான ஹென்றி பிக்லரின் நாட்குறிப்பு.

ஆற்றோரத்துக்காரி:

சாண்டா ஃபே நூறு குண்டு எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நாட்குறிப்பு வாசகன்:

செம்மண் பாதை, அருமை. மேற்கே போன குடும்பங்களிடமும் இந்தப் பட்டாளப் பழக்கம் அப்படியே இருந்தது. பத்துப் பேர், ஐம்பது பேர், நூறு பேர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன். 1847ன் முன்னணிக் குழுவில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள். அந்த ஆண்களில் மூவர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவர்: கிரீன் ஃப்ளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி. இதைப் பல இடங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காலை 5 மணிக்கு ஊதுகொம்பு, ஜெபம். 7 மணிக்குப் புறப்பாடு. வண்டியோட்டி கைக்கெட்டும் தூரத்தில் குண்டு போட்ட துப்பாக்கியோடு நடக்க வேண்டும்.

வில்லியம் கிளேட்டன் என்ற எழுத்தருக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை மைல் வந்தோம் என்று எழுதும் வேலை. எல்லாரும் கண்மதிப்பில் கூட்டியே சொல்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்தார். 14 அடி 8 அங்குலம். 360 சுற்று சரியாக ஒரு மைல். மே 8ஆம் தேதி சக்கரத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு, அது மேலே வரும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டே நாள் முழுக்க நடந்தார். 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலும் இருபது சுற்றும். அப்புறம் அவர்கள் மரப்பல் சக்கரம் வைத்து அளவுக்கருவியே செய்துவிட்டார்கள்.

கூர்முனை:

அந்தத் துணித்துண்டு அழகான விஷயம். ஆனால் அதே பத்து, ஐம்பது அமைப்பு எங்கே போய் முடிந்தது என்றும் சொல்லாமல் இந்த இழையை விடக் கூடாது.

1857. மார்மன்கள் மேற்கே போய்க் குடியேறியிருந்த யூட்டாவுக்கு ஜனாதிபதி புக்கானன் படை அனுப்புகிறார் என்று செய்தி வந்து எல்லாரும் பதற்றத்தில் இருந்தார்கள். ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா போகும் ஒரு குடும்பக் கூட்டம் தெற்கு யூட்டாவில் மவுன்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் தங்கியது. செப்டம்பர் 7லிருந்து உள்ளூர் மார்மன்கள் அவர்களைச் சுற்றிவளைத்து, பையூட் பழங்குடிகளின் தாக்குதல்போலக் காட்டினார்கள். உள்ளூர்ப் படை நாவூ லீஜியன் என்ற அதே பெயரைத்தான் வைத்திருந்தது. சீடார் சிட்டியின் ஐசக் ஹைட் சபை வட்டாரத் தலைவர், மேயர், படையில் மேஜர், மூன்றும் ஒருவரே. பரோவானின் வில்லியம் டேம் வட்டாரத் தலைவர், கர்னல். சட்டப் பிரியன் நாவூ பற்றிச் சொன்னாரே, ஒரே மனிதர் பல நாற்காலி என்று, அது இங்கே சிற்றூர் வரைக்கும் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 11. அந்தப் படையைச் சேர்ந்த ஜான் டி. லீ வெள்ளைக்கொடியோடு போய், ஆயுதத்தைக் கொடுத்துவிட்டால் பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார். கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆணுக்குப் பக்கத்திலும் ஒரு ஊர்ப்படைக்காரன் துப்பாக்கியோடு நடந்தான். ‘நில்! கடமையைச் செய்’ என்று குரல் வந்ததும் பக்கத்தில் நடந்தவனைச் சுட்டான். பெண்களையும் பெரிய பிள்ளைகளையும் கொன்றார்கள். சுமார் 120 பேர். விவரம் சொல்ல முடியாத வயது என்று விட்டுவைத்தது 17 குழந்தைகளை.

ஆயுதத்தைக் கொடு, காப்பாற்றுகிறோம். 1833ல் இவர்களிடம் சொன்ன அதே வார்த்தை.

சட்டப் பிரியன்:

கூர்முனை சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். யங்கிடம் கேட்டு வர ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவரைக் குதிரையில் அனுப்பியிருந்தார்கள். அந்த மக்களைத் தொந்தரவு செய்யாமல் போகவிடுங்கள் என்ற பதிலோடு அவர் சீடார் சிட்டி திரும்பியது 13ஆம் தேதி. போக வர சுமார் 500 மைல், ஆறே நாள். இரண்டு நாள் தாமதம்.

அதே இலையுதிர்காலத்தில் வடக்கே அதே லீஜியன் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஜெனரல் டேனியல் வெல்ஸ் தன் ஆட்களுக்குக் கொடுத்த உத்தரவு: மேய்ச்சல் புல்லை எரியுங்கள், மாடுகளைக் கலையுங்கள், உயிரை மட்டும் எடுக்காதீர்கள். அக்டோபரில் லாட் ஸ்மித் சில டஜன் ஆட்களோடு போய், எழுபதுக்கும் மேற்பட்ட ராணுவச் சரக்கு வண்டிகளைக் கொளுத்தினார். யாரும் சாகவில்லை. அந்த லாட் ஸ்மித் பழைய மார்மன் பட்டாளத்துக்காரர். எதிரே வந்த ராணுவத்தில் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர் பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக். 1858ல் சமரசமாகி ராணுவம் ஆளில்லாத சால்ட் லேக் சிட்டி வழியாகக் கடந்தபோது, தன் பழைய பட்டாளத்தை நினைத்துக் குக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள்.

புதுவரவு:

மவுன்டன் மெடோஸ் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. யாராவது தண்டிக்கப்பட்டார்களா? அந்தக் குழந்தைகள்?

கூர்முனை:

ஒரே ஒருவர். ஜான் டி. லீ. இரண்டு தடவை விசாரணை நடந்து, 1877 மார்ச் 23ல் அதே புல்வெளியில் சுட்டுக் கொன்றார்கள். தன்னைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்று கடைசிவரை சொன்னார். மற்ற யாருக்கும் தண்டனை இல்லை. குழந்தைகளை மார்மன் வீடுகளில் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். 1859ல் அரசு அவர்களை மீட்டு ஆர்கன்சாவில் சொந்தக்காரர்களிடம் சேர்த்தது.

நாட்குறிப்பு வாசகன்:

முதல் பதிவில் ‘வேறு என்ன செய்திருக்க முடியும்’ என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை ஃபார் வெஸ்டில் நிற்கும் மார்மனுக்காகக் கேட்டேன். இப்போது அதே கேள்வி அந்தப் புல்வெளியில் துப்பாக்கியோடு நடந்த ஊர்ப்படைக்காரனுக்கும் பொருந்துகிறது. அவன் விவசாயி, உத்தரவு போட்டவர் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிரசங்கம் செய்பவர். ஆனாலும் என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு டோனிஃபனின் கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மார்மன்களுக்காக மட்டும் நான் பேச முடியாது. முதல் பதிவை அழிக்கவில்லை, அதன் கீழேயே இதையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, டோனிஃபனுக்கு உத்தரவை மீறியதற்காக எதுவும் நடந்ததா?

ஆற்றோரத்துக்காரி:

எதுவும் நடக்கவில்லை. அவர்மேல் யாரும் விசாரணை கூட வைக்கவில்லை. 1846ல் மெக்சிகோ போருக்கு மிசூரியில் ஆள் எடுத்தபோது சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்தார். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டார்கள். அவரைக் கர்னலாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப் போய்த்தான் சாண்டா ஃபேயில் இருந்தார்.

பாக்ஸின் ஆணையை மிசூரி ரத்து செய்தது 1976ல்.